சிட்டுவுக்கு என்று எழுதிய பதில்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுமலதா எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலை விட்டு இறங்கி, அருணாச்சலத்தின் இந்த மலை ஊருக்கு ஜீப்பில் பதினொரு மணி நேரம். பன்னிரண்டு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், என்னோடு மூன்று நர்ஸ். டவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கீழே சந்தை ஊருக்கு இறங்கினால்தான் போன். அதுவும் பாதை மூடாமல் இருந்தால். ஆகையால் கடிதம்தான் நிச்சயம்.

சிட்டு சாப்பிடுகிறதா? இரண்டு வருடத்துக்கு உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். நாய் என்றாலே உங்களுக்கு ஆகாது என்று தெரியும். இருந்தும் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். அதற்குத் தினமும் பல் துலக்க வேண்டும். சின்ன நாய்களுக்கு வாய் சின்னது, பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இடுக்கில் சோறு தங்கி, காரை படிந்து, ஈறு சீழ் வைத்து, எட்டு ஒன்பது வயதில் பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பிக்கும். சிட்டுவுக்கு எட்டு முடிந்துவிட்டது.

நீலப் பையில் விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பிரஷும் நாய்க்கான பேஸ்ட்டும் வைத்திருக்கிறேன். நாம் துலக்கும் பேஸ்ட்டைப் போடவே கூடாது, அது துப்பாது, விழுங்கிவிடும். முதல் வாரம் பிரஷ் வேண்டாம். கோழி வேகவைத்த தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். பழகியபிறகு பிரஷ். வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும், உள்பக்கத்தை அதன் நாக்கே பார்த்துக்கொள்ளும்.

அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
சுமலதா


செஞ்சி, ஜூன் 27

என் தங்கை சுமலதாவுக்கு அண்ணன் அரிகிருஷ்ணன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அண்ணி ஆதிலட்சுமியும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே மலைப்பாறை எல்லாம் காய்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்கும் தெருவில் அனல்.

உன் நாய் என்னை இரண்டு முறை கடித்துவிட்டது. முதல் முறை விரல், அடுத்த முறை மணிக்கட்டு. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று மஞ்சள் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். உன் அண்ணி விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் ஊசி போட வைத்தாள். பத்தாவது நாளிலிருந்து வாயைத் திறக்கிறது. கோழித் தண்ணீர் வேலை செய்கிறது.

காலையில் கடைக்குக் கூட்டிப்போகிறேன். கல்லா மேசைமேல் உட்காரவைத்துத்தான் துலக்குவது. பக்கத்துத் துணிக்கடை துரைக்கண்ணு தினமும் வந்து நின்று பார்க்கிறான். "இன்னா செட்டியாரே, நாயிக்குப் பல்லு வெளக்கிட்டு அப்புறம் நீ வெளக்குவியா?" என்கிறான். தொண்டூரிலிருந்து குடம் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, "எங்கூட்டு மாட்டுக்கும் வெளக்கி வுடுய்யா" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் அதன் வாய் நாறுகிறது. கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது. கடைவாய்ப் பல் எல்லாம் வெல்லப்பாகு ஒட்டினதுபோல் பழுப்பாக இருக்கிறது. நாய் வாய் நாறத்தானே செய்யும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அதேபோல் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை இங்கே உள்ள நர்சுகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மாட்டுக்குப் பல் துலக்கச் சொன்ன அம்மாளை எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

நாய் வாய் நாறாது அண்ணா. நாறினால் உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழுப்பை பிரஷ் எடுக்காது. டாக்டர் மயக்க ஊசி போட்டுச் சுரண்ட வேண்டும், ஆடுகிற பல்லைப் பிடுங்க வேண்டும். நம் ஊர் கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அவர்கள் சொன்னால் புதுச்சேரிக்குக் கொண்டுபோங்கள். வயதான நாய், மயக்கம் கொடுக்கும் முன்னால் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு கொடுக்காதீர்கள், பல் உடையும்.

வாரம் ஒரு முறை உதட்டைத் தூக்கி, கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் ஓரமும் பாருங்கள். ரோஜா நிறமாக இருந்தால் நல்லது.

இன்னொன்று. நீங்கள் பாக்குப் புகையிலையை விட்டது விட்டதுதானே? நான் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சத்தியம் செய்தீர்கள்.

அன்புடன்,
சுமலதா


செஞ்சி, ஆகஸ்ட் 11

சுமலதாவுக்கு அண்ணனின் அன்பு. வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணிக்கு மூட்டு வலி பரவாயில்லை.

சிட்டுவைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய உட்காரவைத்துப் பஸ்ஸில் போனோம். நான்கு பல் பிடுங்கினார்கள். மயக்கம் தெளியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நாக்கு வெளியே தொங்கியது. செத்துவிட்டதோ என்று பயந்து, நெஞ்சில் கையை வைத்துத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது தயிர்சோறு சாப்பிடுகிறது. வாய் நாற்றம் போய்விட்டது. என் கையைக் கண்டால் தானே வாயைத் திறக்கிறது.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். டாக்டரிடம் காட்டியபோது இது இல்லை, அப்புறம்தான் வந்திருக்கும் போல. சிட்டுவுக்கு வலது கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்க்கு நேராக, வெள்ளையாகப் படை மாதிரி இருக்கிறது. நடுவில் மிளகளவு புண். பெரிய வலி ஒன்றும் இல்லை. இது எதனால் வருவது? ஆறிவிடுமா? இதற்காக மறுபடியும் டாக்டரிடம் போகவேண்டுமா? உனக்குத் தெரிந்ததை விவரமாக எழுது. உன் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

நீ கேட்ட சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் வருகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே ஓயாத மழை. எனக்குச் சளி பிடித்து இப்போதுதான் விட்டது. மற்றபடி நலம்.

சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன்.

நீங்கள் எழுதியிருக்கும் புண்ணுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. சின்ன நாய்களுக்குப் பல் கன்னத்தில் உரசும் இடத்தில் இப்படிப் படையும் புண்ணும் வருவது வழக்கம்தான். வாயைச் சுத்தமாக வைத்தால் தானாக ஆறும். கொஞ்சம் நாள் பிடிக்கும், அதற்காகக் கலங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள். இதற்காக மறுபடியும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைய வேண்டாம். மனசை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஞாயிறாகப் போன் செய்கிறேன், அண்ணிதான் எடுக்கிறார்கள். ஒரு முறை குளிக்கிறீர்கள், ஒரு முறை தூங்குகிறீர்கள், ஒரு முறை கடைக்குப் போய்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏது கடை? என்மேல் கோபமா?

சுமலதா


செஞ்சி, செப்டம்பர் 22

சுமலதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தபிறகுதான் மனசு லேசானது. நீ சொன்னபடியே உப்புத் தண்ணீர் ஒற்றுகிறோம். இனி இதைப்பற்றி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

கோபம் எல்லாம் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நீ சொல்வது சரியாகக் காதில் விழுவதில்லை. எழுதுவதுதான் எனக்குச் சௌகரியம்.

எல்லோரும் சுகம். சிட்டுவும் சுகம்.

அண்ணன்


செஞ்சி, நவம்பர் 17

சுமலதாவுக்கு அண்ணன் எழுதுவது. நீ நல்லபடி இருக்கிறாயா? அக்டோபரில் நீ போட்ட கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. தீபாவளி வியாபாரம்.

சிட்டுவின் அந்தப் புண் ஆறவில்லை. இப்போது நெல்லிக்காய் அளவு இருக்கும். தொட்டால் கல்லுபோல் இருக்கிறது. ஓரம் தடித்து, காலையில் பார்த்தால் ரத்தம் கசிந்திருக்கிறது. வாயை இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்க முடியவில்லை. காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. வலது காதுக்குள்ளே ஊசி வைத்துக் குத்துவதுபோல் இருக்கிறது. தாடைக்குக் கீழே ஒரு கட்டியும் தட்டுப்படுகிறது.

நீ கொஞ்சம் நாள் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு நாள் என்று எழுதவில்லை. இது உரசலால் வந்ததுதானா, வேறா? மருந்து ஏதாவது இருந்தால் சீக்கிரம் எழுது.

மழை பிடித்துக்கொண்டது. கடைக்குப் பாதி நாள் போவதில்லை.

அண்ணன்


டிசம்பர் 3

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மண் சரிந்து கீழே போகும் பாதை மூடிக் கிடக்கிறது. சரிந்த இடத்தை நடந்து கடக்கும் தபால்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதை திறந்த முதல் நிமிடம் போன் செய்வேன். அதற்குள் இது வந்தால் இதைப் படியுங்கள்.

சிட்டு காரம் தின்னாது. எட்டு வருடத்தில் நான் அதற்கு ஒரு மிளகாய் கொடுத்ததில்லை. காதுக்குள் ஊசி குத்துகிறது என்று எந்த நாயும் உங்களிடம் சொல்லாது.

யாருடைய வாய் அண்ணா அது?

நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போங்கள். சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லாதீர்கள். நம்மைப் பெற்ற நைனாவுக்கு வாயில் வந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள். நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. திட்டவில்லை. போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சுமலதா


செஞ்சி, ஜனவரி 6

சுமலதாவுக்கு அண்ணி எழுதுவது. நீ சுகம்தானே. இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி நீ போனில் அழுதபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அதுவரைக்கும், "பல்லு வலிடி, வுடு" என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாதத்தைக் குழைத்து மோர் ஊற்றிக் குடித்தபோதும் நான் நம்பினேன். அன்றே இழுத்துக்கொண்டு போனேன். அதன் பிறகு எனக்குப் போனில் பேசத் தைரியம் வரவில்லை. நீ செய்தால் அதை அணைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

புற்றுநோய்தான். டிசம்பர் 27-ஆம் தேதி ஆபரேஷன் ஆயிற்று. வலது கன்னத்தையும் அந்தப் பக்கத்துத் தாடை எலும்பையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் கஞ்சி. ஏதாவது சொல்ல வந்தால் காற்றுத்தான் வருகிறது. சட்டைப் பாக்கெட்டில் ஒரு நோட்டு வைத்து எழுதிக் காட்டுகிறார்.

டாக்டர் கேட்டார், "ஏம்மா, ஆகஸ்ட்ல வந்துருந்தா சின்னதா வெட்டி எடுத்துருப்பமே, இன்னா பண்ணிட்டு இருந்தீங்க?" என்று. நான் உன் அண்ணனைப் பார்த்தேன். அவர்தான் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'என் தங்கச்சி நர்ஸ். அவகிட்ட கேட்டேன். ஆறிடும்னு சொன்னா.'

அதன் பிறகு நீ ஆகஸ்டில் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். நீ நாய்க்குத்தான் எழுதியிருக்கிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. புகையிலையையும் அவர் விடவில்லை, கடையில் மூடி போட்ட தூக்குக்குள் ஒளித்து வைத்திருந்தார். அதுவும் இப்போதுதான் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை சுமலதா. போனை எடுக்காத மனுஷன் ஒரு நாயின் புண்ணைப்பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாரே என்று உனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா? நீ படித்தவள். எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கவும் மனசு இல்லை. அனுப்புகிறேன்.

ஆதிலட்சுமி


ஜனவரி 22

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் மூட்டு வலியோடு ஆஸ்பத்திரி மாடி ஏறி இறங்குகிறீர்கள். உங்கள் உடம்பையும் பாருங்கள்.

நீங்கள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தினமும் இருபது பேர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறவள் நான். மிளகளவு புண், வெள்ளைப் படை என்று ஒரு மனிதர் வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன். நாய் என்று படித்தேன், நாய்க்குச் சொல்வதைச் சொன்னேன். மனசை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். அந்த வரி என்னை உட்காரவிடவில்லை.

எனக்குப் பதில் வேறு நர்ஸ் வரும்வரை விடமாட்டேன் என்கிறார்கள். பிப்ரவரிக் கடைசியில் வந்துவிடுவார்களாம். வந்ததும் கிளம்பிவிடுவேன். அண்ணாவிடம் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

சுமலதா


செஞ்சி, பிப்ரவரி 14

சுமலதாவுக்கு அண்ணன் எழுதுவது.

நலமா என்று நீ கேட்காதே, நானும் கேட்கவில்லை.

உன் அண்ணி உனக்கு என்ன எழுதினாள் என்று நேற்று அழுதுகொண்டே சொன்னாள். அதனால் இதை எழுதுகிறேன். ஆகஸ்டில் அந்தப் புண்ணைக் கண்ணாடியில் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். நைனாவுக்கு வந்ததும் அதே இடம், அதே வெள்ளை. தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. என் பெயரில் கேட்டால் நீ சொல்லமாட்டாய். சிட்டு பெயரில் கேட்டேன், சொன்னாய். அந்தப் பதிலை நான் உன்னிடமிருந்து திருடினேன். நீ கொடுக்கவில்லை. டாக்டரிடம் உன்மேல் பழி போட்டு எழுதிக் காட்டினேனே, அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

புண் இருந்த இடத்தில் கதிர்வீச்சு வைக்கிறார்கள். அதற்கு முன்னால் எனக்கு மிச்சமிருந்த கீழ்ப்பல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். சிட்டுவுக்குத் தினமும் துலக்கிவிடுகிறேன். முன்போல் மடியில் உட்காருவதில்லை. என் முகத்தில் மருந்து நாற்றமோ வேறு நாற்றமோ, மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. கையை மட்டும் நம்புகிறது. துலக்கி முடித்ததும் இறங்கி வாசலுக்குப் போய் படுத்துக்கொள்கிறது. அதன்மேல் குற்றம் இல்லை.

நீ வருகிறாயாமே. வா. வந்ததும் வாயைத் திறங்கள் என்று டார்ச் அடித்துப் பார்க்காதே. பார்க்க ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நர்ஸாக வராதே. தங்கச்சியாக வந்து பக்கத்தில் உட்கார்.

அண்ணன்


செஞ்சி, மார்ச் 9

அண்ணா,

அடுத்த அறையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். வந்து எட்டு நாள் ஆகிறது. நீங்கள் கேட்டபடியே உங்கள் வாயை நான் பார்க்கவில்லை. ஆனால் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் நானும் எழுதியே கேட்கிறேன்.

இன்று ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கப் போனேன் அல்லவா. உங்களிடம், "டாக்டர் இல்ல, நாளைக்கு வரச் சொன்னாங்க" என்று சொன்னேன். பொய். டாக்டர் இருந்தார். கழுத்தில் மறுபடியும் வந்திருக்கிறது. நுரையீரலுக்கும் போய்விட்டது. கதிர் வைத்துப் பயன் இல்லை என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். மூன்று மாதம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நான்கு என்றார். வலி தெரியாமல் வைத்துக்கொள்ள மருந்து இருக்கிறது. அதை நான் கொடுப்பேன். அதற்கு மட்டும் என்னை நர்ஸாக இருக்க விடுங்கள்.

பஸ்ஸில் வரும்போது உங்களிடம் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்குள் வந்ததும் நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்று இன்னொரு தடவை உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது.

நான் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. ராஜினாமா எழுதிப் போட்டுவிட்டேன்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுப்படியில் உங்களுக்குக் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதிர் முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள், அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சுமலதா


(அதே தாளின் அடியில்)

படித்தேன். உண்மையைச் சொன்னதற்குச் சந்தோஷம்.

அண்ணியிடம் நீ சொல்லாதே. இந்தத் தடவை யார் பெயரிலும் இல்லாமல் நானே என் பெயரில் எழுதிக் காட்டுகிறேன். அவளை இங்கே வரச் சொல். படிக்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு வரச் சொல்.